உபகாரச் சம்பளம் வந்த வழி



பரிசளிப்பு விழா என்றால் நம் எல்லோருக்கும் ஒரு தனி மகிழ்ச்சி. மேடை ஏறிப் புத்தகப் பரிசும் கிண்ணமும் வாங்கிக்கொண்டு வருகின்ற பிள்ளையைப் பார்த்துக் கை தட்டுகிறோம். அது நம் பிள்ளையாக இருந்தால் கண்ணும் கலங்குகிறது. இந்தச் சின்னப் பரிசுக்கு ஒரு பெரிய அண்ணன் உண்டு. அவருக்குப் பெயர் உபகாரச் சம்பளம். தகுதி இருந்தும் பண வசதி இல்லாத மாணவருக்குக் கல்லூரிக் கட்டணம், புத்தகச் செலவு, தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றைக் கொடுத்துப் படிக்க வைப்பதே உபகாரச் சம்பளம்.

இந்த ஏற்பாடு நம் நாட்டுக்கு எப்படி வந்தது? யார் கொடுத்தார்கள்? யார் வாங்கினார்கள்? நம்ம தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு தாமதமாக வந்து சேர்ந்தது? இவற்றைத் தெரிந்துகொண்டால்தான், இன்றைக்குக் கிடைக்கக்கூடியதை நாம் தவறவிடாமல் இருப்போம். ஆகவே இந்தக் கட்டுரையைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எழுத்துப் படிக்கச் சிரமப்படும் தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், மாணவர்களே, நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

ராணியார் பெயரில் ஒரு பரிசு

சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்றையும் ஆங்கிலேயர் ஒன்றாகச் சேர்த்து, நீரிணைக் குடியேற்றப் பகுதி என்று ஆண்டு வந்த காலம். அங்கே பள்ளிக்கூடங்கள் இருந்தன, பல்கலைக்கழகம் இல்லை. டாக்டராகவோ வழக்கறிஞராகவோ ஆக வேண்டுமென்றால் கப்பல் ஏறி இங்கிலாந்துக்குப் போக வேண்டும். அது பணக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் முடிந்த காரியம்.

1885ஆம் ஆண்டில் சர் செசில் கிளெமென்டி ஸ்மித் என்ற ஆங்கில அதிகாரி ஒரு திட்டத்தைக் கொண்டு வந்தார். தேர்வில் முதலிடம் பெறும் மாணவர்கள் சிலரை ஒவ்வோர் ஆண்டும் அரசாங்கச் செலவில் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்புவது என்பதே அந்தத் திட்டம். விக்டோரியா மகாராணியார் ஆட்சிக் காலமானதால் அது 'ராணியார் உபகாரச் சம்பளம்' என்று பெயர் பெற்றது.

1887ஆம் ஆண்டில் அதைப் பெற்றவர் லிம் பூன் கெங். அவர் கதையை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ராபிள்ஸ் கல்விக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே தந்தையை இழந்தவர் அவர். தகப்பன் போன வீட்டில் பையன் வேலைக்குப் போவதுதானே வழக்கம்? அவரும் படிப்பை நிறுத்திவிட நினைத்தார். தலைமையாசிரியர் ஹல்லட் அதற்கு இணங்கவில்லை. பேசிப் புரியவைத்துப் படிப்பைத் தொடரச் செய்தார். அந்தப் பையன்தான் உபகாரச் சம்பளம் பெற்று, எடின்பரோவில் மருத்துவம் படித்து, 1892இல் முதல் வகுப்பில் தேறினார். ஊர் திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1888ஆம் ஆண்டில் அதே உபகாரச் சம்பளம் பெற்றுச் சட்டம் படித்த சோங் ஓங் சியாங் என்பவருடன் சேர்ந்து, 1899இல் சிங்கப்பூர்ச் சீனப் பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். பெண் பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது.

நகைத் தொழிலாளியின் மகன்

இன்னொருவர் பினாங்கில் பிறந்த ஊ லியன் தே. 1879இல் பிறந்தார். அவருடைய தந்தை சீனாவிலிருந்து பிழைக்க வந்து நகை செய்யும் தொழில் பார்த்தவர். பிள்ளைகள் நிறைந்த குடும்பம். பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்த ஊ லியன் தே, 1896இல் ராணியார் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்று மருத்துவம் படித்தார்.

1910ஆம் ஆண்டுக் கடைசியில் வடசீனத்து மஞ்சூரியாவில் ஒரு கொள்ளை நோய் பரவியது. பிடித்தவர் யாரும் பிழைக்கவில்லை. ஏறத்தாழ 60,000 பேர் இறந்தனர். அங்கே அனுப்பப்பட்ட ஊ லியன் தே, நோய் எலியின் தெள்ளுப்பூச்சியால் மட்டும் வருவதன்று, மூச்சுக்காற்று வழியாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது என்று கண்டு சொன்னார். பஞ்சையும் மெல்லிய துணியையும் மடித்துத் தைத்த முகக்கவசத்தை அணியச் சொன்னார். வயதில் மூத்த ஒரு பிரெஞ்சு மருத்துவர் அதை ஏற்காமல், முகக்கவசம் இல்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் அதே நோயால் இறந்தார். 1911இல் நோய் அடங்கியது. பின்னாளில் ஊ லியன் தே மலாயாவுக்கே திரும்பி வந்து ஈப்போவில் சாதாரண மருத்துவராகப் பல ஆண்டுகள் பணி செய்து, 1960இல் காலமானார்.

2020ஆம் ஆண்டில் கொரோனா வந்தபோது நாம் எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு திரிந்தோமே, நினைவிருக்கிறதா? அந்தப் பழக்கம் பரவக் காரணமானவர்களில் ஒருவர் நம் பினாங்குப் பிள்ளை. ஒரு நகைத் தொழிலாளியின் மகனுக்குக் கொடுத்த படிப்புச் செலவு எத்தனை உயிரைக் காப்பாற்றியிருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கதவு இருந்தது, வழி இல்லை

இப்போது நமக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். அதே காலத்தில் நம்ம பாட்டன் பூட்டன் எங்கே இருந்தார்கள்?

காட்டை அழித்துக்கொண்டும் கன்று நட்டுக்கொண்டும் இருந்தார்கள். விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டுப் பால் மரத்துக்குப் போனார்கள். ராணியார் உபகாரச் சம்பளத்துக்கான தேர்வு ஆங்கிலத்தில் நடந்தது. பட்டணத்து ஆங்கிலப் பள்ளியில் மேல் வகுப்பு வரை படித்தவன்தான் அதில் உட்கார முடியும். தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலப் பள்ளி பல மைல் தூரம். பஸ் கிடையாது. சம்பளம் கட்டவும் வழி இல்லை.

1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளிக்கூடம் ஏற்படுத்த வேண்டும் என்று சொன்னது. அதனால்தான் நாடு முழுவதும் தோட்டத் தமிழ்ப் பள்ளிகள் பெருகின. ஆனால் அவை எப்படிப்பட்டவை? பல இடங்களில் ஒரே ஒரு கொட்டகை, ஒரே ஒரு வாத்தியார். சில தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்ததும் உண்டு. சில வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். பிறகு பிள்ளை அம்மாவோடு மங்கு கழுவப் போகும், அல்லது தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும்.

நம்ம பிள்ளைங்களுக்கு மூளை இல்லாமல் போகவில்லை ஐயா. உபகாரச் சம்பளம் என்ற கதவு பட்டணத்தில் இருந்தது. தோட்டத்திலிருந்து அந்தக் கதவு வரைக்கும் போகின்ற பாதைதான் போடப்படவில்லை. முதல் படி இல்லாத ஏணியை எவ்வளவு உயரமாகச் சாத்தி வைத்தாலும் குழந்தைக்கு என்ன பயன்?

அந்த ராணியார் உபகாரச் சம்பளமும் 1911இல் நிறுத்தப்பட்டு, 1924இல்தான் மறுபடியும் தொடங்கியது. இதற்கிடையில் மலாய் மாநிலங்களும் தங்கள் மாணவரை வெளிநாட்டுக்கு அனுப்பின. கெடா அரசாங்கத்தின் உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் சென்று 1925இல் பட்டம் பெற்றவர்தான், பின்னாளில் நம் முதல் பிரதமரான துங்கு அப்துல் ரஹ்மான். போருக்குப் பின், 1947இல், ராணியார் உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜில் சட்டம் படித்தார் குவா கியோக் சூ என்ற சிங்கப்பூர்ப் பெண்மணி. சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூவின் துணைவியார் இவரே. பெண் பிள்ளைகள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊர் கூடி இழுத்த தேர்

உயர்கல்வியில் அரசாங்கத்தின் கை மட்டும் வேலை செய்யவில்லை. பொதுமக்களின் கையும் சேர்ந்துதான் தேரை இழுத்திருக்கிறது.

1904இல் டான் ஜியாக் கிம் என்ற சீன வணிகரின் தலைமையில், உள்ளூரிலேயே ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று அரசாங்கத்திடம் மனுக் கொடுத்தார்கள். பணம் திரட்டித் தாருங்கள் என்றது அரசாங்கம். அவர் 12,000 வெள்ளி போட, மற்றவர்களும் கொடுக்க, 87,077 வெள்ளி சேர்ந்தது. 1905இல் சிங்கப்பூரில் அந்த மருத்துவப் பள்ளி 23 மாணவர்களோடு தொடங்கியது. அதுவும் 1928இல் தொடங்கிய ராபிள்ஸ் கல்லூரியும் இணைந்துதான் 1949 அக்டோபர் 8ஆம் நாள் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. இனிக் கப்பல் ஏறாமலே பட்டம் பெறலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

1950களில் நன்யாங் பல்கலைக்கழகம் கட்டுவதற்காகச் சீனத் திரிஷா ஓட்டுநர்கள் தங்கள் நாள் வருமானத்தை அப்படியே கொடுத்தார்கள். லட்சம் லட்சமாகக் கொடுத்த பணக்காரர் பெயரோடு அந்த ஓட்டுநர்களின் செயலும் சரித்திரத்தில் நிற்கிறது.

தமிழரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய இயல் துறை தொடங்கப்பட்டது. அங்கே எந்த மொழிக்கு இடம், சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற வாதம் எழுந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக எழுதினார், பேசினார், ஊர் ஊராக ஆதரவு திரட்டினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. சாதாரண மக்களும் சிறு சிறு தொகையாக அள்ளிக் கொடுத்தார்கள். தாங்கள் படிக்காத பல்கலைக்கழகத்துக்கு, தாங்கள் ஒருநாளும் நுழையப் போகாத நூல் நிலையத்துக்கு, அவர்கள் கொடுத்தார்கள். அந்தத் துறைக்கு 1961இல் தலைமை ஏற்க வந்த தனிநாயக அடிகளார்தான் 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடக்க முன்னின்றவர்.

பத்து வெள்ளி

இப்போது சொல்லப் போவது முழுக்க நம் தோட்டத்துச் சரித்திரம்.

சுதந்திரம் வந்த காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாகப் போட்டு விற்றார்கள். துண்டாடல் என்று இன்றும் நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். தோட்டம் துண்டானால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடு போகும். வீடு போனால் பிள்ளையின் பள்ளிக்கூடமும் போகும்.

இதைத் தடுக்க 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அப்போது அவர் அமைச்சர். அமைச்சராக இருந்தும் தோட்டம் தோட்டமாக நடந்து தொழிலாளரிடம் பேசினார். ஒரு பங்கின் விலை 100 வெள்ளி; மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார். அன்றைய பால் வெட்டுத் தொழிலாளிக்குப் பத்து வெள்ளி என்பது பல நாள் கூலி. அதைக் கட்டினார்கள். 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. கூலி என்று கூப்பிடப்பட்டவர்கள் தோட்டத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். அந்தச் சங்கம் பிற்காலத்தில் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி உதவியும் வழங்கியது. 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் தன் உறுப்பினர் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை கொடுத்திருக்கிறது.

ராணியார் கொடுத்தது கஜானாப் பணம். இது வியர்வைப் பணம். அதனால்தான் இந்த உதவியைப் பெற்ற மாணவன் ஒவ்வொரு வெள்ளியையும் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லுவேன்.

பாதை போடப்பட்ட காலம்

இதே காலக்கட்டத்தில் அரசாங்கமும் பாதை போட ஆரம்பித்தது. ஆசிரியர்கள் போதவில்லை என்பதால், இங்கிலாந்தில் லிவர்பூல் அருகே கிர்க்பி என்ற இடத்தில் மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி 1952 முதல் 1962 வரை நடந்தது. மலாய், சீன, இந்திய இளைஞர்கள் அரசாங்கச் செலவில் அங்கே தங்கிப் படித்துத் திரும்பி, நம் நாட்டுப் பள்ளிகளில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். 1956 பிப்ரவரி 7ஆம் நாள், நாட்டுக்குச் சுதந்திரம் கிடைக்கப் போகும் நாளைத் துங்கு முதன்முதலில் அறிவித்ததும் அந்தக் கல்லூரி மாணவர்களிடம்தான். 1951இல் தொடங்கிய கொழும்புத் திட்டத்தின் கீழும் நம் மாணவர்கள் பலர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா முதலிய நாடுகளில் படித்தார்கள்.

1962இல் ஆரம்பப் பள்ளிக் கட்டணம் நீக்கப்பட்டது. அதுவரை ஆறாம் வகுப்பு முடிவில் ஒரு தேர்வு இருந்தது. அதில் தவறினால் இடைநிலைப் பள்ளி இல்லை. 1965 முதல் அந்தத் தடையும் நீங்கியது. தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஓராண்டு மொழி படித்துவிட்டுப் படிவம் ஒன்றுக்குப் போனார்கள். ஏணிக்கு முதல் படி அப்போதுதான் வந்தது.

ஆனாலும் 1970, 1980ஆம் ஆண்டுகளில் பல்கலைக்கழகங்கள் குறைவு, இடங்களும் குறைவு. இன வாரியான ஒதுக்கீடும் இருந்தது. உள்ளே நுழைவதே நம்மவர்க்குக் கடினமாக இருந்தது. அதனால் சமுதாயம் மீண்டும் தன் கையை நம்பியது. 1982இல் டாக்டர் எம். தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில், பல்கலைக்கழகம் எட்டியவர்கள் தமக்குப் பின்னால் வருகின்ற தம்பி தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். 1984இல் ம.இ.கா.வின் கல்வி நிறுவனமான எம்.ஐ.இ.டி. உருவாகி மாணவர்களுக்குக் கடனுதவி கொடுத்தது. துங்கு அப்துல் ரஹ்மான் அறநிறுவனம் 1966இலும், குவோக் அறநிறுவனம் 1970இலும், தோட்டக் கம்பெனியின் பெயரிலேயே சைம் டார்பி அறநிறுவனம் 1982இலும் தொடங்கின. இவை இனம் பாராமல் உபகாரச் சம்பளம் கொடுத்து வந்திருக்கின்றன. 1997இல் அரசாங்கம் பி.டி.பி.டி.என். என்ற தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தை அமைத்தது. உபகாரச் சம்பளம் கிடைக்காத மாணவரும் கடன் வாங்கிப் படிக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது.

கொடைக்கும் கடனுக்கும் வித்தியாசம்

பெற்றோர்கள் அடிக்கடி குழம்புகின்ற இடம் இது. "கையெழுத்துப் போட்டா வீட்டைப் பிடுங்கிக்குவாங்களா சார்?" என்று கேட்கின்ற தாய்மார் இருக்கிறார்கள். பயம் நியாயமானதுதான். ஆகவே விளக்கமாகச் சொல்லுகிறேன்.

உபகாரச் சம்பளம் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் சிலவற்றில் ஒப்பந்தம் உண்டு. படித்து முடித்ததும் கொடுத்தவரிடமே சில ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும். நடுவில் படிப்பை விட்டால் பணத்தைத் திரும்பக் கேட்பார்கள்.

கல்விக் கடன் என்பது படித்து முடித்த பின் மாதா மாதம் கட்ட வேண்டியது. முதல் வகுப்பில் தேறியவர்களுக்குக் கடனிலிருந்து விலக்கு அளிக்கும் ஏற்பாடும் உண்டு. நிபந்தனைகள் மாறி வந்திருப்பதால், கையெழுத்துப் போடும் ஆண்டில் இருக்கின்ற விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உதவித்தொகை என்பது ஒரே தடவை கொடுப்பது. பெட்டி வாங்க, பஸ் செலவுக்கு, முதல் மாதச் சாப்பாட்டுக்கு ஆகும். சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். முதல் மாதத்தைத் தாண்ட முடியாமல் வீடு திரும்புகின்ற பிள்ளையும் உண்டு.

சரித்திரம் நமக்குச் சொல்லும் பாடம்

முதலாவது, படிப்பு நடுவில் நிற்கக் கூடாது. லிம் பூன் கெங் பள்ளியை விட்டு நின்றிருந்தால் உபகாரச் சம்பளம் அவரைத் தேடி வந்திருக்காது. படிவம் மூன்றோடு பிள்ளையை வேலைக்கு அனுப்பினால் அந்த மாதம் வீட்டுக்கு நானூறு ஐந்நூறு வெள்ளி வரலாம். ஆனால் அதோடு எல்லாக் கதவும் மூடிவிடும். பிள்ளை படிவம் ஐந்தை முடிக்கட்டும். அதுவரை நாம் தாங்குவோம்.

இரண்டாவது, கேட்க வேண்டும், நேரத்தோடு கேட்க வேண்டும். 1904இல் மனுக் கொடுத்தவர்களுக்கே பள்ளி கிடைத்தது. மனுப்பாரம் வாங்கி, நிரப்பி, கடைசித் தேதிக்கு முன்னே சேர்க்க வேண்டும். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, தாய் தகப்பன் இருவரின் சம்பளச் சீட்டு, தேர்வுச் சான்றிதழ், புறப்பாட நடவடிக்கைச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரே கோப்பில் இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள். சம்பளச் சீட்டைச் சாமான் மடிக்கப் பயன்படுத்தாதீர்கள். அந்தத் துண்டுக் காகிதம்தான் உங்கள் ஏழ்மைக்குச் சாட்சி, உங்கள் பிள்ளையின் நுழைவுச் சீட்டு. பெயர் எழுத்துப் பிறப்புப் பத்திரத்தில் ஒன்றாகவும் அடையாள அட்டையில் வேறாகவும் இருந்தால் இப்போதே போய்த் திருத்துங்கள். மனுப்பாரம் புரியவில்லையென்றால் பள்ளிக்கு வாருங்கள். நாங்கள் எதற்கு இருக்கிறோம்? படித்துப் போன பழைய மாணவராக இருந்தாலும் வரலாம்.

மூன்றாவது, பெற்றவர் திருப்பித் தர வேண்டும். பணமாக மட்டும் அல்ல. லிம் பூன் கெங் பள்ளிக்கூடம் தந்தார். ஊ லியன் தே உயிர்களைக் காத்தார். கிர்க்பியில் படித்தவர்கள் வகுப்பறையில் நின்றார்கள். நாளை நீங்கள் பல்கலைக்கழகம் போனால், விடுமுறைக்கு வருகின்றபோது ஒரு மாலை நேரமாவது நம் பள்ளியில் வந்து உட்கார்ந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். மனுப்பாரம் நிரப்பத் தெரியாத ஒரு வீட்டுக்குப் போய் நிரப்பிக் கொடுங்கள்.

மாணவச் செல்வங்களே, இன்று மேடையில் பரிசு வாங்காத பிள்ளையும் கவலைப்பட வேண்டாம். பந்தயம் இன்னும் நீளமாக இருக்கிறது. பெற்றோர்களே, மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டம் வாங்கிய பரம்பரை நம் பரம்பரை. நூலகத்துக்கும் துறைக்கும் நிதி கொடுத்தவர்கள், தாங்களே நுழைய முடியாத கதவைப் பேரப்பிள்ளைக்காகத் தட்டி வைத்துப் போனார்கள். இன்றைக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. அடுத்த தேர்வு முடிவு வருகின்ற நாளில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கோப்பையும் எடுத்துக்கொண்டு, பள்ளிக்கு வந்து சேருங்கள்.

வாழ்க கல்வி! வளர்க நம் சமுதாயம்!